வடக்கே மூடாத கோலம்

வடக்கு வாசல் திறந்துதான் இருந்துச்சு அண்ணாச்சி. அதை மொதல்ல தெரிஞ்சுக்கிட்டீகன்னா மிச்சத்தைச் சொல்றது எனக்கு லேசு. கொஞ்சம் தள்ளி உக்காருங்க. மூணு பேரு சீட்டுங்கான், ரெண்டு பேரு உக்காந்தாலே மூச்சு முட்டுது. என்ன, இடுப்புல ஏதோ குத்துதா? என் வெத்தலைப் பெட்டியா இருக்கும். இந்தா, நகந்துக்கிட்டேன்.

நீங்க எந்தூரு? எட்டயபுரமா? நல்லதாப் போச்சு, நம்ம பக்கத்து ஆளு இல்ல. நான் ஓடைக்கரடு. பேரு செந்தட்டி. பட்டாசுக் கம்பெனியில வாட்ச்மேன், பதினாறு வருசம் ஓடிப் போச்சு. வெள்ளைச் சட்டையைப் பாத்துட்டு ஏதோ கல்யாண வீட்டுக்குப் போறேன்னு நெனைச்சிருப்பீக. விருதுநகர் கோர்ட்டுக்குப் போறேன். சாட்சி சொல்ல. சட்டை மானேஜர் எடுத்துக் குடுத்தது.

கொஞ்சம் மெதுவாப் பேசுவோம். முன்னால லேடீஸ் சீட்டுல ஆறு பொம்பளைக இருக்காகல்ல, அவுகளும் கோர்ட்டுக்குத்தான். ஜன்னலோரம் நரைச்ச கொண்டை தெரியுதா, அது வேலுத்தாய். எனக்கு மதினி முறை. நான் ஏறும்போது பாத்தாக, பாத்துட்டு அப்படியே மொகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கிட்டாக. நான் என்ன அவுக குடியைக் கெடுத்தேனா? சொல்லுங்க.

எனக்கு இன்னைக்கு வேலை ரெண்டே வரிதான். மானேஜர் ஒரு வாரமா உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தாரு. 'ஐயா, வடக்கு வாசல் திறந்திருந்தது. நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.' அம்புட்டுத்தான். இதைச் சொல்லிட்டு எறங்கிற வேண்டியது. மேக்கொண்டு யாரு என்ன கேட்டாலும் 'ஞாபகமில்லைங்க ஐயா'. பள்ளிக்கூடத்துலகூட நான் இப்படி மனப்பாடம் பண்ணினதில்ல. தூக்கத்துல உளறுறேன்னு வீட்டுக்காரி சொல்றா.

வெடிச்சது ரெண்டு வருசத்துக்கு முந்தி. இதே மாதிரி தீபாவளி நெருக்கம், ஆர்டர் குமிஞ்சு கெடந்த நேரம். காலையில பத்தடிக்கப் பத்து நிமிசம். ஆறாம் நம்பர் செட்டு, மருந்து அடைக்கிற கட்டடம். பதினொரு பேரு அண்ணாச்சி. ஒம்பது பொம்பளைக, ரெண்டு ஆம்பளைக. எல்லாம் எங்க ஊருதான். ஒரே தெருவுல அஞ்சு வீடு. வேலுத்தாய் மதினி மக மாரிச்செல்வியும் அதுல ஒருத்தி. கைப்பிள்ளைக்காரி. பாவம், சிரிச்ச மொகம். கம்பெனிக்குள்ள நொழையும்போதே 'சித்தப்பா, இன்னைக்கு என்ன கொழம்பு?'ன்னு என் தூக்குச்சட்டியைத் திறந்து பாத்துட்டுத்தான் போகும். ஆறாம் நம்பர் செட்டு வடக்கு ஓரத்துல இருக்கு. பக்கத்துலயே கம்பெனி மதில்ல வடக்கு வாசல். அங்கேருந்து ஒத்தையடிப் பாதை, நேரா ஊருக்குப் போகும். அதான் தீ வந்ததும் எல்லாரும் வடக்க பாத்து ஓடியிருக்காக. பதினொரு பேரும் அந்த வாசக்கிட்டத்தான் கெடந்தாக.

'திறந்திருந்த வாசக்கிட்ட எதுக்குய்யா பதினொரு பேரு குமிஞ்சு கெடந்தாக?'ன்னு எதிர்த்தரப்பு வக்கீலம்மா கேக்குது. எனக்கு எப்படித் தெரியும்? ஞாபகமில்லைங்க ஐயா.

பூட்டுறது சட்டப்படி தப்பு. அது எனக்கும் தெரியும், மானேஜருக்கும் தெரியும். அதனால நாங்க பூட்டுறதே கெடையாது. எட்டரைக்குச் சங்கு ஊதினதும் சும்மா சாத்தி, ஒரு சங்கிலியைச் சுத்தி, அதுல ஒரு இதைத் தொங்க விடுறது. அதுக்குப் பேரு பூட்டா? பொம்பளைக ஊருக்குள்ள போயிட்டுப் போயிட்டு வந்தா வேலை எப்படி நடக்கும்? பிள்ளைக்குப் பால் குடுக்கப் போறேன்னு போறது, அடுப்புல உலை வச்சிட்டேன்னு போறது. மாரிச்செல்வியே ரெண்டு தடவை போயி வந்துச்சு. மானேஜருக்குக் கோவம் வராம என்ன செய்யும்? 'செந்தட்டி, சங்கு ஊதினா வாசல் சாத்தியிருக்கணும்'னாரு. சாத்தினேன். மேலெடத்துல சொல்றதைக் கேக்குறதுக்குத்தான வாட்ச்மேனு.

அன்னைக்கு டீ குடிக்கப் போனேன். அதுவும் குத்தமா? ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடை. பத்து நிமிசம். கிளாஸைக் கையில வாங்கி வாய் வைக்கல, டமார்னு தரையே தூக்கிப் போட்டுச்சு. கிளாஸைப் போட்டுட்டு ஓடினேன். கம்பெனியைச் சுத்தி வடக்க ஓடி, திறந்தேன். திறக்கலை. அது திறந்துதான் இருந்துச்சு. நல்லா விரியத் திறந்தேன்னு சொல்ல வந்தேன். அவசரத்துல சாவி ரெண்டு தடவை கையை விட்டு நழுவிப் போச்சு. சரி, அதை விடுங்க.

நான் சொல்ல வந்தது கோலத்தைப் பத்தி. ரெண்டு வருசமா என்னைப் படுத்தி எடுக்கிற கோலம். என் முட்டி தேஞ்சு போனது அதுனாலதான்.

பதினொரு வீட்டுலயும் காரியம் முடிஞ்சது. சாவு விழுந்த வீட்டுல காரியம் முடியிற வரைக்கும் வாசல்ல கோலம் போட மாட்டாக, உங்க ஊருலயும் அப்படித்தான? முடிஞ்சா மறுநா போடணும்ல? போடலை. பதினேழாம் நாள் காலையில நான் கம்பெனிக்கு வாரேன், பொழுது அப்பத்தான் வெளுக்குது, மெயின் கேட்டுக்கு முன்னால ரோட்டோரத்துல சாணி தெளிச்சு, பதினொரு வீட்டுப் பொம்பளைகளும் குனிஞ்சு நிக்காக. நான் ஏதோ மறியல்னு பயந்துட்டேன். பாத்தா கோலம். அவுக வீட்டு வாசல் எல்லாம் இன்னைக்கு வரைக்கும் வெறுசாத்தான் கெடக்கு. 'கேஸ் முடியட்டும், உண்மை வெளிய வரட்டும், அப்புறம் எங்க வாசல்ல போட்டுக்கிடுறோம்'னு சொல்லிட்டாக.

புள்ளி பதினொண்ணு. மேல மூணு, நடுவுல அஞ்சு, கீழ மூணு. ஒரு ஆளே பதினொண்ணையும் வச்சிற மாட்டாக. ஒரு புள்ளி ஒரு வீடு. அந்தந்த வீட்டுப் பொம்பளை வந்து அந்தந்தப் புள்ளியை வைக்கணும். வைக்கும்போது பேரைச் சொல்லணும். வேலுத்தாய் மதினி குனிஞ்சு, 'மாரிச்செல்வி'ன்னு சொல்லி ஒரு புள்ளி. அடுத்தாப்புல பூசாரி வீட்டம்மா, 'சங்கரம்மா'ன்னு ஒரு புள்ளி. அழுகை கெடையாது, கத்தல் கெடையாது. ரேசன் கடையில பேரு கூப்பிடுற மாதிரி அம்புட்டுச் சாதாரணமாச் சொல்லுவாக. அதைத்தான் என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியாது. அழுதுட்டுப் போனாத் தேவலைன்னு இருக்கும்.

புள்ளி வச்சு முடிச்சதும் மதினி கம்பி இழுப்பாக. எல்லாப் புள்ளியையும் வளைச்சு வளைச்சு ஒரே கம்பி. ஆனா முடிக்க மாட்டாக. வடக்க வந்ததும் ரெண்டு முனையையும் சேக்காம, ஒரு ஆள் நொழையிற அளவுக்கு விட்டுட்டு எந்திரிச்சிருவாக. மொத நாள் நான் கைமறதின்னு நெனைச்சேன். ரெண்டாம் நாளும் அப்படியே. 'மதினி, கம்பி மூடலை. மூடாத கோலம் எடத்துக்கு ஆகாது'ன்னு நல்ல எண்ணத்துலதான் சொன்னேன். அவுக என்னைப் பாத்தாக. 'ஆகாதுன்னு உங்களுக்கும் தெரியுமா கொழுந்தனாரே?'ன்னாக. எனக்கு ஒண்ணும் புரியலை. கோலம் போடத் தெரியாதவுகளுக்கு வாய் மட்டும் பாருங்க.

முதலாளி காரு எட்டு மணிக்கு வரும். அவரு கண்ணுல படக் கூடாது, அதுக்குள்ள அழிக்கணும். அதுதான் என் வேலை. ஓஸ் பைப்பைப் போட்டு அடிச்சு, தொடப்பத்தால தேச்சுத் தள்ளுவேன். அவுக எதிர்த்தாப்புல வேலமரத்தடியில நின்னு பாத்துக்கிட்டே இருப்பாக. அழிச்சு முடிச்சதும் கலைஞ்சு போவாக. மறுநா காலையில திரும்பவும் வந்துருவாக. மழை பெய்ஞ்சாலும் வருவாக. ஒரு நாள் சாக்கைத் தலையில கவுத்துக்கிட்டு, புள்ளி வைக்க வைக்க மழை கரைக்குது, இவுக பேரைச் சொல்லிச் சொல்லி வச்சுக்கிட்டே இருக்காக. என்ன மனுசங்க இவுக!

மானேஜரும் சும்மா இருக்கலை. போலீஸ்ல எழுதிக் குடுத்தாரு. வந்தவரு கோலத்தைப் பாத்துட்டு, 'கோலம் போடக் கூடாதுன்னு நான் எந்தச் சட்டத்துல எழுதுறது?'ன்னு கேட்டுட்டுப் போயிட்டாரு. அப்புறம் மானேஜர் சாணி தெளிக்க எடமில்லாமப் பண்றேன்னு கேட்டுக்கு முன்னால தார் போட்டாரு. புதுத் தாரு, நல்ல கன்னங்கரேல்னு. அதுல வெள்ளைக் கோலம் போட்டா எப்படி இருக்கும்? முன்ன பக்கத்துல போறவன் பாத்தான், தார் போட்ட பெறகு பஸ்ஸுல போறவனும் எட்டிப் பாத்தான். முதலாளி மானேஜரைப் பிடிச்சுத் திட்டின திட்டு எனக்கு வெளிய கேட்டுச்சு. உள்ளுக்குள்ள எனக்குச் சிரிப்புதான், யாருக்கிட்டயும் சொல்லிறாதீக.

பொடி தண்ணிக்குப் போயிருதுன்னு அவுக மாக்கோலத்துக்கு மாறினாக. பச்சரிசியை ஊறப்போட்டு ஆட்டி, துணியை நனைச்சுப் போடுறது. காஞ்சா அம்புட்டு லேசுல போகாது. முட்டி போட்டு இரும்பு பிரசால தேச்சேன். தேச்சு, கழுவி, ஒரு பொட்டு வெள்ளை இல்லாம ஆக்கிட்டு நிமிந்தேன். அரை மணி நேரம் கழிச்சுப் போயிப் பாத்தா, ஆத்தாடி, செவ்வெறும்பு! தார்க் கண்ணுக்குள்ள ஒட்டியிருந்த மாவைத் தின்ன வந்திருக்கு. கம்பியில கம்மியா, புள்ளி எடத்துல கும்பலா. அரிசி மாவு புள்ளியிலதான கட்டியா இருந்திருக்கும். பதினொரு செவப்புப் புள்ளி அண்ணாச்சி, ஊந்துக்கிட்டே இருக்கு. அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலை. எறும்பை அழிக்க மனசு வரலை, அப்படியே விட்டுட்டேன். முதலாளி காரு அதுமேல ஏறிப் போச்சு.

அப்புறம் காலேஜ்ப் பிள்ளைக வந்து போட்டோ எடுத்துக்கிட்டுப் போனாக. அது எங்கெங்கயோ போயிருக்கு. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு ஊரு, அங்கயும் முன்னால ஒரு கம்பெனி வெடிச்சதாம், அந்த ஊருப் பொம்பளைக நாலு புள்ளி வச்சுப் போட ஆரம்பிச்சிட்டாக. இன்னோரு ஊருல ஏழு. எல்லாம் ஒரு பக்கம் மூடாத கோலம். வேன் பிடிச்சு ஒருத்தரை ஒருத்தர் பாக்க வாராக, மாவு கொண்டாராக, வேலமரத்தடியில கூடி உக்காந்து சோறு பொங்கிச் சாப்பிடுறாக. மொதல்ல வாடி வதங்கிப் போயிருந்த பொம்பளைக, இப்பம் வக்கீல் வீடு, கலெக்டர் ஆபீஸ்னு போறாக வாராக. ஒரு கோலத்துல இம்புட்டு இருக்குன்னு நான் கண்டேனா? நான் அழிக்க அழிக்கத்தான் அது வளந்துச்சுன்னு மானேஜரு என்னையே குத்தம் சொல்றாரு. அழிக்கச் சொன்னதே அவருதான்.

ஆனாலும் மானேஜர் நல்ல மனுசன். விசாரணைக்கு வந்த ஆபீசர்கிட்ட நான் அந்த ரெண்டு வரியை மொதத் தடவை எழுதிக் குடுத்து கையெழுத்துப் போட்டதும், 'செந்தட்டி, உன் மகளை நம்ம கம்பெனியிலயே போட்டுருவோம்'னாரு. போட்டாரு. எனக்கு ஒத்தை மக. பேச்சி. பத்தொம்பது வயசு. மொதல்ல பேக்கிங்ல இருந்தா. போன வாரம் ஆர்டர் நெருக்கம்னு ஆறாம் நம்பர் செட்டுக்கு மாத்திட்டாக. புதுசாக் கட்டின செட்டு, நல்லாத்தான் இருக்கு. 'யப்பா, பதினஞ்சு பேரு உக்காருற எடத்துல நாப்பது பேரு உக்காந்திருக்கோம், வெடிமருந்து காயுறதும் அங்கயே, பேக்கிங்கும் அங்கயே'ன்னு இன்னைக்குக் காலையில கஞ்சி குடிக்கும்போது சொன்னா. தீபாவளி வரைக்கும் பொறுத்துக்கோம்மான்னேன். எல்லா வருசமும் அப்படித்தான நடக்குது.

இப்பம் என் கதைக்கு வாரேன். ஒரு மாசம் இருக்கும். காலையில அவுக பதினொரு புள்ளி வச்சு, கம்பி இழுத்து, மரத்தடிக்குப் போயிட்டாக. என் வீட்டுக்காரி குருவம்மா வழக்கம்போல தூக்குச்சட்டியில கஞ்சி கொண்டாந்து குடுத்துட்டுப் போனா. நான் ஓஸ் பைப்பை மாட்டிட்டு வந்து கோலத்தைப் பாக்கேன். பன்னெண்டு புள்ளி! பன்னெண்டாவது கோலத்துக்கு உள்ள இல்ல. வடக்க, மூடாம விட்ட எடம் இருக்குல்ல, அதுக்கு நேர வெளிய, ஒத்தையா. ஈரம்கூடக் காயலை.

பைப்பை அப்படியே கீழ போட்டுட்டேன். பதினொரு புள்ளியும் செத்தவுக. அப்ப பன்னெண்டாவது யாரு? யாருக்காக வச்சிருக்காக? பேச்சிக்குத்தான் சூனியம் வச்சுட்டாகன்னு நெனைச்சேன். மறுநாளும் அதே எடத்துல அதே புள்ளி. அதுக்கு மறுநாளும். நான் தூங்கலை. குறி சொல்ற கோடாங்கிக்கிட்டப் போயிக் கயிறு வாங்கிப் பேச்சி கையில கட்டினேன். பொறுக்க முடியாம வேலமரத்தடிக்கே போயிட்டேன். 'மதினி, எம் மேல கோவம்னா என்னைப் பேசுங்க. எம் பிள்ளைக்கு எதுக்குப் புள்ளி வைக்கீக?'ன்னேன். எனக்கு அழுகையே வந்திருச்சு.

வேலுத்தாய் மதினி மாவுக்கிண்ணத்தைக் கழுவிக்கிட்டே சொன்னாக: 'உங்க பிள்ளை நல்லா இருக்கட்டும். அது எங்க கை இல்ல கொழுந்தனாரே. புள்ளியோட வாலைப் பாருங்க.'

வாலா? வந்து குனிஞ்சு பாத்தேன். புள்ளிக்கு எடதுபக்கமா சின்னதா ஒரு இழுப்பு, வால் மாதிரி. எனக்கு அது தெரிஞ்ச வாலு. இருவத்திரெண்டு வருசமா தெனம் மிதிச்சிட்டுப் போற வாலு. குருவம்மாவுக்குச் சின்ன வயசுல அருவா பட்டு ஆள்காட்டி விரல் மடங்காது. அவ புள்ளி வச்சா இப்படித்தான் ஒரு ஓரமா இழுக்கும். கஞ்சி கொண்டாந்து குடுத்துட்டு, நான் பைப்பு மாட்ட உள்ள போற நேரத்துல வச்சிட்டுப் போயிருக்கா. எனக்குச் சோறு கொண்டாந்த கையி!

வீட்டுக்குப் போயி ஆடு ஆடுன்னு ஆடிட்டேன். 'நம்ம வீட்டுல யாருடி செத்தா? நீ எதுக்குடி போயிப் புள்ளி வைக்கே?' அவ அரிசி பொடைச்சிக்கிட்டு இருந்தா. நிமிரவே இல்ல. 'பதினொரு வீட்டுக்காரவுகளும் பதினொரு புள்ளி வைக்காக. வாசலுக்கு வெளிய நின்ன ஆளு நம்ம வீட்டு ஆளு. அந்தப் புள்ளியை நான் வைக்காம வேற யாரு வைப்பா?'ன்னா.

நான் எங்கடி வாசல்ல நின்னேன், நான் டீக்கடையில இருந்தேன்னு கத்தினேன். அவ அப்பத்தான் நிமிந்து பாத்தா. 'அப்ப வாசல்லயே நின்னேன்னு எழுதிக் குடுத்தது யாரு?'ன்னா. பொட்டச்சிக்கு வந்த வாயைப் பாத்தீகளா? கை ஓங்கிட்டேன், அடிக்கலை. கை அப்படியே நின்னு போச்சு. அதுல இருந்து ஒரு மாசமா பேச்சுவார்த்தை இல்ல. கஞ்சி மட்டும் வருது. புள்ளியும் வருது. நானும் அழிச்சுக்கிட்டேதான் இருக்கேன். என் பொண்டாட்டி வச்ச புள்ளியை நானே தொடப்பத்தால தேச்சு அழிக்கேன், இது எந்த ஊருலயாச்சும் உண்டா?

அதெல்லாம்கூடப் போகட்டும். இன்னைக்குக் காலையில நடந்ததுதான் எனக்கு மனசைப் போட்டு அறுக்குது. அதுனாலதான் யாருன்னு தெரியாத உங்ககிட்ட இம்புட்டும் கொட்டுறேன். காலையில வேலைக்குக் கெளம்பி வெளிய வாரேன், எங்க வீட்டு வாசல் வெறுசாக் கெடக்கு. தண்ணி தெளிச்சிருக்கு, கோலம் இல்ல. கல்யாணமாகி வந்த நாளுல இருந்து, காச்சல்ல கெடந்தாக்கூட ஒரு இழுப்பு இழுக்காம இருக்க மாட்டா. 'கோலம் எங்க?'ன்னேன். ஒரு மாசம் கழிச்சு எங்கிட்டப் பேசுறா: 'சாவு விழுந்த வீட்டுல கோலம் போடக் கூடாது.'

யாரு செத்தான்னேன். 'நீங்க கோர்ட்டுல போயி அந்த ரெண்டு வரியைச் சொல்லிட்டு வாங்க. யாரு செத்ததுன்னு அப்புறம் தெரியும்'னுட்டு உள்ள போயிட்டா. பேச்சி அந்த வெறும் வாசலைத் தாண்டித்தான் எனக்கு முன்னால வேலைக்குப் போச்சு. போகும்போது திரும்பிப் பாத்து, 'யப்பா, சட்டை நல்லாருக்கு'ன்னுச்சு. நல்ல காரியத்துக்குப் போறவன் வாசலை வெறுசாப் போட்டு அனுப்புறாளே, இவள்லாம் ஒரு பொம்பளையா? எனக்குக் கோவந்தான் வருது. கோவமா, என்னன்னு தெரியலை.

என்ன, திரும்பவும் குத்துதா? வெத்தலைப் பெட்டியைத்தான் பைக்குள்ள எடுத்து வச்சிட்டேனே. இருங்க பாக்கேன். அட, இதுவா! சாவி அண்ணாச்சி. அரைஞாண் கயித்துல முடிஞ்சிருக்கேன். பதினாறு வருசமா அங்கயே கெடக்கிறதுனால இருக்கிறதே எனக்குத் தெரியாது. குளிக்கையிலகூடக் கழட்டுறதில்ல. சட்டை வேட்டி மாத்தினேன், இது உடம்போட வந்துருச்சு. இம்புட்டு நீளச் சாவின்னா குத்தத்தான் செய்யும்.

எதுக்குச் சாவியா? வடக்கு வாசலுக்கு. சொன்னேன்ல, எட்டரைக்குச் சங்கு ஊதினதும் சாத்திட்டு.

இன்னைக்கா? இன்னைக்கும்தான். கோர்ட்டுக்குப் போறேன்னு கம்பெனி வேலையை விட்டுற முடியுமா? எல்லாரும் உள்ள போனதும் வழக்கம்போலப் பூட்டிட்டு, ஓடியாந்து ஒம்பது பத்து பஸ்ஸைப் பிடிச்சேன். மெயின் கேட்டுல கம்பெனி லாரி டிரைவரை நிப்பாட்டியிருக்கு.

அவருகிட்ட வேற சாவி ஏது? சாவி ஒண்ணே ஒண்ணுதான். இதுதான்.

என்ன அப்படிப் பாக்கீக?

ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி. ஒரு நாள்தான. சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள திரும்பிருவேன். தெனமுமா வெடிக்குது? அன்னைக்குக்கூட நான் பத்தே நிமிசந்தான் போனேன், ஒரு டீ குடிக்க. பத்து நிமிசத்துல.

ஆறாம் நம்பர் செட்டுல நாப்பது பேரு. பேச்சி ஜன்னலோரமா உக்காந்திருக்கேன்னு சொன்னா. வடக்கு ஜன்னல். எதாவதுன்னா எங்க ஓடுவா? வடக்கதான் ஓடுவா. ஊருக்குப் போற பாதை அங்கதான இருக்கு.

போனா? அவ போன் எங்க அவகிட்ட இருக்கு? எல்லார் போனையும் காலையில வாங்கிப் பெட்டியில போட்டுப் பூட்டி வைக்கிறதே நான்தான். மானேஜருக்கு அடிக்கேன், இருங்க. எடுக்க மாட்டேங்காரே. கோர்ட்டுக்குள்ள போயிட்டாரு போல, ஆஃப் பண்ணி வச்சிருக்காரு. ஆபீஸ் போன் அடிச்சிக்கிட்டே கெடக்கு. எடுக்க ஆளில்ல. மணி என்ன? உங்க கையில வாட்ச் இருக்கே, மணி என்ன அண்ணாச்சி?

ஒம்பதே முக்காலா?

நகருங்க. காலை எடுங்க. கண்டக்டர்! ஏ கண்டக்டர், வண்டியை நிறுத்து! ஸ்டாப்பு இல்லாட்டிப் போகுது, நிறுத்துய்யா! எறங்கி ஓடுறேன், எதுத்தாப்புல வாரதைப் பிடிச்சு ஏறிப் போறேன், நீ நிறுத்து! உள்ள பிள்ளைக இருக்கு, வடக்கு வாசல் பூட்டிக் கெடக்கு! எம் மக உள்ள இருக்கா!

என்ன மதினி பாக்கீக? ஆமா, எந்திரிச்சு நின்னு எல்லாரும் பாருங்க, நல்லாப் பாருங்க, இதுதான் சாவி! பூட்டித்தான் கெடக்கு, நான்தான் பூட்டினேன். அன்னைக்கும் பூட்டித்தான் மதினி கெடந்துச்சு!